தலைமுறை இடைவெளி என்றொரு சாக்கு

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை" என்ற புலம்பலைக் கேட்காமல் தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்திலும் ஒரு வாரம் கழிவதில்லை. அதன் மறுபாதி, "பெருசுகளுக்கு ஒன்றும் தெரியாது, இடத்தையும் விடமாட்டார்கள்" என்பது, அதே அலுவலகத்தின் எதிரிலுள்ள தேநீர்க் கடையில் ஒலிக்கும். இரண்டையும் தராசில் வைத்து, இருவரும் சற்றே விட்டுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்ப்புச் சொல்லும் நாட்டாண்மைகள் இப்போது பெருகிவிட்டார்கள். கல்லூரிகளுக்கே பயிலரங்கு நடத்த வருகிறார்கள். 1965க்கு முன் பிறந்தவர் இப்படி, 1981க்குப் பின் பிறந்தவர் அப்படி, 1997க்குப் பின் பிறந்தவர் இன்னொரு மாதிரி என்று திரையில் கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். நாமும் வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி பார்த்துவிட்டு வந்த நிறைவோடு மதிய உணவுக்குக் கலைகிறோம்.

நாடிச் சுவடியிலாவது நம் பெயர் இருக்கும் என்று நம்ப இடமுண்டு. இந்தக் கட்டங்களில் நாம் இல்லவே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை, அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு பெருகியதைக் கொண்டு இழுத்த கோடு அது. அதற்கடுத்த கோடுகளெல்லாம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்கு ஒன்றாக அதன்பின் இழுக்கப்பட்டவை. மேல்மலையனூர்ப் பக்கத்தில் 1965இல் மல்லாட்டை பயிரிடும் வீட்டில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, அரசு வேலைக்கு வந்த ஒருவருக்கும் அந்தக் கோட்டுக்கும் என்ன உறவு? வேடிக்கை என்னவென்றால், கோட்டை இழுத்த ஊரிலேயே அதை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். பணியாளர்களை நிர்வகிக்க இத்தலைமுறைப் பகுப்புகள் பயன்படா என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த குழு 2020இல் அறிக்கை தந்தது. இப்பெயர்களைப் பரப்பியதில் பெரும்பங்கு கொண்ட பியூ ஆய்வு மையமே 2023இல், இனி இவற்றைச் சிக்கனமாகவே கையாளப்போவதாக அறிவித்தது. அங்கே கழித்துக் கட்டியதை நாம் பயிலரங்கில் பொன்னாடை போர்த்தி வரவேற்கிறோம்.

இதைவிடத் தெளிவாக 1928இலேயே கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் சொல்லிவிட்டார். ஒரே ஆண்டில் பிறந்துவிட்டால் ஒரே தலைமுறை ஆகிவிடாது; ஒரே வரலாற்று நிகழ்வுக்குள் அகப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அப்படியானால் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் தலைமுறைகளைப் பிரித்த நிகழ்வுகள் எவை? அவற்றுக்கு நாள், மாதம், ஆண்டு எல்லாம் உண்டு. அவை அரசாணைகள்.

2001 நவம்பரில் தமிழ்நாடு அரசு புதிய பணிநியமனங்களுக்குத் தடை விதித்தது. 2006இல்தான் அத்தடை விலக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் படிப்பை முடித்தவர்கள் வரிசையில் நின்றபடியே முப்பதைக் கடந்தார்கள். இடையில் 2003 ஏப்ரல் 1 வந்தது. அன்றைக்கு முந்தைய நாள்வரை பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அன்று முதல் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம். ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே தாளைத் திருத்தும் இருவரில் ஒருவர் தம் முதுமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மற்றவர் கவலைப்பட்டே ஆகவேண்டும். 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அரசு அறிவிக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது. இந்த இருவருக்கும் இடையில் சிரிப்பு குறைந்துபோனதற்குக் காரணம் கைப்பேசியும் காணொளியும் என்று ஒருவர் வந்து விளக்கினால், அவரை என்ன செய்யலாம்?

அரசுக் கலைக் கல்லூரிகளின் கதை இன்னும் விசித்திரமானது. உதவிப் பேராசிரியர் பணிக்கு 2013இல் ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுத்தது. 2019இல் 2331 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. நியமனம் நடக்காமலே அது கைவிடப்பட்டது. அதன்பின் 2024 மார்ச்சில்தான் 4000 இடங்களுக்கு அறிவிக்கை. ஒரு துறைக்குள் நுழைந்து பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் இருப்பார். நாற்பதை ஒட்டியவர் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே நிரந்தரப் பணியில் எவரும் இருக்கமாட்டார். தலைமுறை இடைவெளி என்று நாம் பண்பாட்டில் தேடிக்கொண்டிருப்பது பணிநியமனப் பதிவேட்டில், வெற்றுப் பக்கங்களாக, கண்ணெதிரே கிடக்கிறது. மேலே இருப்பவருக்கும் கீழே வருபவருக்கும் நடுவே நின்று இரு பக்கத்து மொழியையும் பேசக்கூடிய ஆள்களை அரசு நியமிக்கவே இல்லை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் அப்பாவை எடுத்துவிட்டுக் குடும்பம் நடத்து என்றால் எப்படி நடக்கும்?

இத்தோடு 2020 மேயில் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. ஓய்வுக்காலப் பணப்பயன்களை உடனே கொடுக்கவேண்டிய சுமை கருவூலத்துக்கு ஒத்திப்போயிற்று என்பதை எல்லாரும் அறிவார்கள். அந்த ஆணையைப் பெரியவர்கள் போடவில்லை. ஆனால் அதற்கான வசவை வாங்கியவர்கள் அவர்கள்தாம். "இன்னுமா இவர் போகவில்லை?" என்ற முணுமுணுப்பு, ஆணை பிறப்பித்த கோட்டையை எட்டவில்லை, பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் காதில்தான் விழுந்தது.

இனி, அந்த வெற்றுப் பக்கங்களை யாரைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பார்ப்போம். கௌரவ விரிவுரையாளர்கள்! பெயரிட்டவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும். பாடவேளைக்கு 1500 ரூபாய், மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்கள் 2023 வாக்கில் பெற்றது 25,000. அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். மே மாதத்துக்குக் கிடையாது. (மே மாதத்தில் கௌரவ விரிவுரையாளருக்குப் பசிக்காது என்பது நிதித்துறையின் கண்டுபிடிப்பு.) இவர்களில் பலருக்கு வயது நாற்பத்தைந்து, ஐம்பது. முனைவர் பட்டம் பெற்றவர்கள். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக வகுப்பெடுத்தவர்கள். ஆனால் துறையில் அவர்கள் பெயர் "தம்பி". முப்பத்திரண்டு வயதில் நிரந்தரப் பணியில் சேர்ந்தவரோ முதல் நாளே "ஐயா" ஆகிவிடுவார். நாற்பத்தெட்டு வயதுத் தம்பி, முப்பத்திரண்டு வயது ஐயாவுக்குத் தேர்வுப் பணிப் பட்டியலைத் தட்டச்சு செய்து தருவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இதற்குமேலும் வயதைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: இதில் மூத்தவர் யார்?

நாக் குழு வருகிறது என்றால் இந்தத் தம்பிகள் இரவு பத்து மணிவரை கணினி முன் இருப்பார்கள். ஏழு ஆண்டுக்கு முன் நடக்காத கருத்தரங்குக்கும் நடந்த கருத்தரங்குக்கும் ஒரேபோல் புகைப்படம் தேடுவார்கள். "நமக்கு இந்தக் கணினியெல்லாம் வராது தம்பி, நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பார் பேராசிரியர். குரலில் பாசம் வழியும். மகன் வெளிநாட்டிலிருந்து பேசும்போது அதே பேராசிரியர் காணொளி அழைப்பை எத்தனை லாவகமாக எடுக்கிறார் என்பதையும் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருப்பார். உறவுப்பெயரைச் சொல்லி வேலையைத் தள்ளிவிடும் இந்த உத்தியை மரியாதை என்ற கணக்கில் எழுதுவதை நான் ஒப்பமாட்டேன்.

இப்படிச் சொன்னால் உடனே திருக்குறளை எடுப்பார்கள். பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே! இருக்கிறது. அதன் முதற்குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர், மூத்தல் என்பது அறிவு, சீலம், காலம் ஆகிய மூன்றாலும் முதிர்வது என்று பொருள்கொள்கிறார். காலம் கடைசியில்தான் வருகிறது. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பணிப்பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டுவோர்க்கு வள்ளுவர் துணைவரமாட்டார். புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183ஆம் பாட்டையும் நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். ஒரு வீட்டுப் பிள்ளைகளுள் வயதைப் பார்க்காமல் கல்வியைப் பார்த்து அரசன் ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது அது. வகுப்பில் அதற்கு நயம் சொல்லிவிட்டு, துறைக்கூட்டத்தில் பணிமூப்புப் பட்டியலைப் பிரிக்கிறோம்.

நிற்க. மூத்தவரும் இளையவரும் ஒரு பணியிடத்தில் எப்படி இருக்கலாம் என்பதற்கு நம் துறையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரி. தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயது. உடல்நலம் குன்றியதால் ஓய்வுபெற எண்ணினார். தம் இடத்துக்கு யார் வரவேண்டும் என்பதை விதிக்கு விட்டுவிடவில்லை. திருவாவடுதுறைக்குச் சென்று, உ.வே. சாமிநாதையரை அனுப்பிவைக்குமாறு சுப்பிரமணிய தேசிகரிடம் வேண்டினார். ஐயரை விட மடத்துக்கு எளிதில் மனம் வரவில்லை. செட்டியார் விடவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஐயர் பணியேற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயது நிறைய மூன்று நாள் இருந்தது. சம்பளம் 50 ரூபாய்.

இந்நிகழ்ச்சியை நாம் குருபக்தியின் எடுத்துக்காட்டாகவே மேடைகளில் முழங்கிவருகிறோம். எனக்கு இதில் பக்தி இரண்டாவதாகத்தான் தெரிகிறது. முதலில் தெரிவது நாற்காலி. ஒரு நாற்காலி காலியாகிறது. அதில் உட்காரத் தக்கவரை, காலி செய்பவரே ஓடியாடிக் கொண்டுவந்து, நிரந்தரமாக, முழுச் சம்பளத்தில் உட்கார்த்துகிறார். இளையவரை அருகில் வைத்து ஆசீர்வதித்துக்கொண்டே பதினைந்து ஆண்டு தற்காலிகத்தில் வைத்திருக்கவில்லை. ஐயர் பிற்காலத்தில் செட்டியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதியதற்கு அந்த நாற்காலியும் ஒரு காரணம் என்றால் ஐயர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். முதலியார் ஐயரினும் சில ஆண்டுகளே மூத்தவர். மகாவித்துவானிடமும் மடத்திலும் பெற்ற கல்வியில் அந்நூல் இல்லை. பெரியவர்களிடம் எல்லாம் இருந்துவிடவில்லை என்பதை ஐயரின் வாழ்க்கையே காட்டுகிறது. அதனால் பெரியவர்களை அவர் உதறிவிடவும் இல்லை. தெரியாததைத் தேடிச் சமணர்களின் வீட்டு வாசலில் போய் நின்றார், அவ்வளவுதான்.

இணக்கம் என்றால் மோதலே கூடாது என்று நினைப்பவர்களுக்காக சி.வை. தாமோதரம் பிள்ளையையும் நினைவூட்ட வேண்டும். ஐயரைவிட இருபத்து மூன்று ஆண்டு மூத்தவர். பதிப்புத் துறையில் முன்னோடி. 1868இலேயே தொல்காப்பியச் சேனாவரையத்தைப் பதிப்பித்தவர். சிந்தாமணியைத் தாமே வெளியிட விரும்பினார். ஐயர் இசையவில்லை. நம் துறையில் ஓர் இளையவர் இப்படி மறுத்தால் அவருக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1887இல் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் ஐயரின் சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தன. தமிழுக்கு இரண்டு நூல்களும் கிடைத்தன. இளையவர் "சரிங்க ஐயா" என்று சுவடியைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றிருந்தால் பண்புள்ள பிள்ளை என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும்; நமக்கு இந்த உ.வே.சா. கிடைத்திருப்பாரா என்பது ஐயந்தான்.

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் கதை என்று தள்ளுவோர் எங்கள் வட்டாரத்துக் கூத்துக் களரிக்கு ஒருமுறை வரலாம். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை அவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதுவர். ஆல்ஃப் ஹில்ட்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்துதான் கிளம்புகிறது. இப்பகுதியின் கூத்துக் குழுவில் பதினாறு வயதுப் பையனும் அறுபது வயது வாத்தியாரும் ஒரே இரவு விழிக்கிறார்கள். வேடம் இல்லாத வேளையில் யாராக இருந்தாலும் பின்பாட்டுக்கு நிற்கவேண்டும். துரியோதனனுக்கு ஆடிய கால் ஓய்ந்துவிட்டால் ஆர்மோனியத்தின் பின்னே இடம் உண்டு. சிறுவன் ராஜா வேடம் கட்டி வந்தால் மூத்தவர் கட்டியக்காரனாகக் கட்டியம் கூறுவார். அடுத்த நொடியே அந்த ராஜாவைக் கேலியும் செய்வார். களரியில் யார் யாரை வணங்குவது என்பதை அன்றைய வேடம் முடிவுசெய்கிறது. கூத்தை நான் சொர்க்கமாக்கவில்லை. அங்கும் பங்குச் சண்டை உண்டு. வாத்தியார் கணக்கை மறைத்தார் என்று குழு உடைவதுண்டு. ஆனால் குழு உடைந்தால் கூலியால் உடைந்தது என்று வெளிப்படையாகச் சொல்லுவார்கள். தலைமுறை இடைவெளியால் உடைந்தது என்று எந்தக் கூத்தனும் சொல்லி நான் கேட்டதில்லை. கற்றவர்களாகிய நமக்குத்தான் கூலியைக் கூலி என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

சரி, பெரியவர்களை விரைவாக அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா? அதையும் பார்த்தாயிற்று. ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58இலிருந்து 55ஆகக் குறைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது! ஊழியர்கள் கொதித்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று, 1984இலேயே வயது மீண்டும் 58 ஆயிற்று. இடையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு நியாயம் கேட்டு இன்னொரு வழக்கு. அப்பாவைத் துரத்தி மகனுக்கு வேலை கொடுப்பது வேலைவாய்ப்புத் திட்டம் ஆகாது. நம் ஊரில் 2020இலும் 2021இலும் நடந்தது இதன் மறுபுறம்: மகனைக் காக்கவைத்து அப்பாவுக்குச் சம்பளம். இரண்டிலும் அரசுக்குச் செலவு மிச்சமாகிறது. இரண்டிலும் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள்.

முறைத்துக்கொள்ளாமல் இருந்த ஒரு நிகழ்ச்சி, அண்மையில், எங்கள் சாலையிலேயே நடந்தது. மேல்மலையனூர் அங்காள பரமேசுவரி கோயிலுக்கு அமாவாசைதோறும் ஊஞ்சல் உற்சவம் காண எத்தனை கூட்டம் வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்குபவை விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிறப்புப் பேருந்துகள். 2024 ஜனவரி 9ஆம் நாள் தமிழ்நாடெங்கும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்கள் பல வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோரிக்கைகளைக் கவனியுங்கள். காலிப் பணியிடங்களை நிரப்பு: இது இன்னும் வேலைக்கே வராதவர்களுக்கானது. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கொடு: இது நடு வயதினர்க்கானது. ஓய்வுபெற்றவர்களுக்கு எட்டாண்டுக்கு மேலாக நிறுத்திவைத்த அகவிலைப்படியைக் கொடு: இது கிழவர்களுக்கானது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், எப்போதோ ஸ்டியரிங்கை விட்டுப் போனவருக்காக ஒருநாள் சம்பளத்தை இழக்கத் துணிந்தார். எல்லாச் சங்கங்களும் சேரவில்லை. 10ஆம் நாள் உயர் நீதிமன்றம் பொங்கலை முன்னிட்டுச் சொன்னதை ஏற்றுப் போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கேட்டவை கையோடு கிடைத்துவிடவும் இல்லை. மறுநாள் 11ஆம் தேதி மார்கழி அமாவாசை. பேருந்துகள் மலையனூருக்கு ஓடின. அந்த ஓட்டுநர்களுக்கு எவரும் தலைமுறைப் பயிலரங்கு நடத்தியதாக நான் அறியேன். நம் பேராசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கௌரவ விரிவுரையாளரின் மே மாதச் சம்பளம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. சொல்லாவிட்டால் பக்கச்சார்பு என்பார்கள். நாக் படிவத்தைப் பதிவேற்றுவது ஒரு வேலை, அறிவு ஆகாது. அதைச் செய்யத் தெரியாதவரை மூடர் என்று எண்ணும் இளம் நண்பர்கள் ஒரு பழஞ்சுவடியைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றாகவே கிடக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. யாப்பும் சொல்வளமும் காதில் ஊறிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே இது கால், அங்கே ரகரம்" என்று விரல் வைத்துக் காட்டி, ஐந்தாறு ஆண்டு பழகினால்தான் அது பிடிபடும். வருடி எடுத்த படமாக இணையத்தில் ஏற்றிவைத்துவிட்டால் படிப்பு வந்துவிடாது. கி.வா. ஜகந்நாதன் உ.வே.சா.விடம் வந்து சேர்ந்தபோது ஆசிரியர் எழுபதைக் கடந்தவர். மாணவர் இருபதைத் தாண்டியவர். அந்த இறுதிக் காலத்துப் பதிப்புகளில் மாணவரின் உழைப்பு கலந்திருக்கிறது. என் சரித்திரம் முற்றுப்பெறாமல் 1942இல் ஐயர் மறைந்தபின், விட்ட கதையை 'என் ஆசிரியப்பிரான்' என்று எழுதி நிறைவாக்கியவரும் அவரே. அப்படி ஒருவர் பக்கத்தில் உட்காருவதற்குக் கூட ஒரு நாற்காலி வேண்டும் என்பதுதான் என் வழக்கு. இன்று சுவடி படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழித்து அவரிடத்துக்கு ஆள் வருகிறார். யார் யாரிடம் கற்பது? யார் யாரை மதிப்பது?

கல்வியாண்டின் முடிவு என்பதால் மே மாத இறுதியில் கல்லூரிகளில் பணிநிறைவு விழாக்கள் நடக்கும். நான் கண்ட விழாக்களில் எல்லாம் துறையின் சார்பில் மோதிரம் உண்டு. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல் உண்டு. அந்த மாதம் சம்பளமே இல்லாத கௌரவ விரிவுரையாளர்களும் மறுக்காமல் கொடுத்தார்கள். விழாவில் வாழ்த்துரை பொழிந்தவர்களுள் எவரும், காலியாகும் அந்த இடம் எப்போது நிரப்பப்படும் என்று கேட்டதில்லை. இந்த ஆண்டு வாழ்த்துரைக்கு என்னை அழைத்தால் கேட்கத்தான் போகிறேன். அழைக்கமாட்டார்கள் என்பது வேறு.